பயந்தா விசுவாசம் இல்லன்னு அர்த்தமா? - அக்கா பதில்கள்

இந்த மாசம் வந்த லெட்டரு, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், பயம். அதனால மாமியார் மருமக பஞ்சாயத்தை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன், யார் பேரும் போடல.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்ல போறவரு. போனா இருபது நாள், சில நேரம் ஒரு மாசம் கூட ஆகும் கரைக்கு வர. ஒக்கி புயல் அன்னிக்கு கடல்ல நின்ன எங்க அண்ணன் இன்னிக்கு வரைக்கும் வரல, உடம்பும் கிடைக்கல. அதுல இருந்து காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே கை கால் உதறுது. செபமாலை சொல்றப்ப கூட காது ஜன்னல் பக்கமே இருக்கு. எங்க அன்பியத்துல, அதான் எங்க தெரு ஜெபக் குழுவுல, ஒருத்தங்க 'ஏசு படகுல இருக்கப்ப உனக்கென்ன பயம், இவ்ளோ பயந்தா உனக்கு விசுவாசமே இல்லன்னு அர்த்தம்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அப்படியா அக்கா?" (கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வாசகி)

இல்லம்மா. அவங்க நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க, ஆனா எந்தக் கதையச் சொல்லி உங்க வாயை அடைச்சாங்களோ அந்தக் கதையையே முழுசா படிக்கலன்னு தோணுது. மாற்கு நாலாம் அதிகாரத்தைக் கொஞ்சம் திறங்க, ஏசு படகுல தூங்குறப்ப புயல் வந்து சீடர்கள் பயந்த கதை.

அந்தப் படகுல இருந்தவங்க யாரு? பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான்னு நாலு பேராவது சின்ன வயசுல இருந்து அதே தண்ணில வலை வீசி வளர்ந்தவங்க. கலிலேயா கடல்னு பேருதான், உண்மையில அது ஏரி, நீளம் சுமார் 21 கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழ கிடக்குது, சுத்தி மலை, மேல இருந்து காத்து சரசரன்னு இறங்குச்சுன்னா கொஞ்ச நேரத்துல தண்ணி கொந்தளிச்சிடும். அந்தத் தண்ணியோட எல்லாக் குணமும் தெரிஞ்சவங்க 'செத்தோம்'னு நினைச்சாங்கன்னா அது சும்மா பதட்டம் கிடையாது, கடல் தெரிஞ்சவனுக்கு வர்ற பயம். கரையில குடை பிடிச்சு நிக்கிறவனுக்கு அது வராது. உங்க பயத்துக்கும் ஒரு தேதி இருக்கு, 2017 நவம்பர் 30. சாயங்காலம் வரைக்கும் சாதாரண மழைக் காத்துன்னு நினைச்சது விடியறப்போ புயலா நின்னுச்சு, கரையில இருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி நின்ன ஆழ்கடல் போட்டுகளுக்கு செய்தி சொல்லவே வழி இல்லாமப் போச்சு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைன்னு அந்தப் பக்கத்து ஊர்கள்ல எத்தனை வீட்ல இன்னும் ஒரு போட்டோவுக்கு மாலை போடலாமா வேண்டாமான்னு தெரியாம வச்சிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாததா.

சரி கதைக்கு வரேன். அவங்க அவரை எழுப்பி என்ன சொல்றாங்க? "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா"ங்கிறாங்க. இது ஜெபமா? சண்டை! நாங்க சாகப் போறோம் நீர் தூங்குறீரான்னு கேக்குற சண்டை. அவரு 'முதல்ல மரியாதையா பேசுங்க, விசுவாசத்தோட கேளுங்க, அப்புறம் பாக்குறேன்'னு சொன்னாரா? எழுந்தார், முதல்ல காத்தை அதட்டினார், தண்ணி அடங்கினதுக்கு அப்புறம்தான் 'ஏன் இப்படிப் பயந்தீங்க'ன்னு கேட்டார். (மத்தேயுல இந்த வரிசை மாறி இருக்கும், கேள்வி முன்னாடி வரும், எனக்குத் தெரியும், அதுக்காக யாரும் லெட்டர் போட்டுடாதீங்க. ரெண்டுலயும் பயந்தவன் எவனையும் அவர் படகுல இருந்து இறக்கி விடல.)

இன்னொண்ணு, இதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. 'ஏசு படகுல இருந்தா ஒண்ணும் ஆகாது'ங்கிறது உண்மைன்னா, அப்ப உங்க அண்ணன் படகுல அவரு இல்லையா? அந்தப் படகுக்கும் ஒரு மாதா பேரோ புனிதர் பேரோ தான் எழுதியிருப்பாங்க, அவரும் குருசடி முன்னாடி சிலுவை போட்டுக்கிட்டுதான் போயிருப்பாரு. வீட்ல ஒருத்தரைப் பறிகொடுத்தவங்க முன்னாடி இந்த மாதிரி வாக்கியம் பேசுறதுக்கு முன்னாடி நாம பத்து தடவை யோசிக்கணும். அவரு படகுல இருந்தும் புயல் வந்துச்சு, தண்ணி நிரம்புற அளவுக்கு வந்துச்சு, மாற்கு அப்படித்தான் எழுதியிருக்கார். அதனால உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதித் தர மாட்டேன், தர எனக்கு அதிகாரமும் இல்ல. அந்த ராத்திரியில நீங்க தனியா இல்லன்னு மட்டும் சொல்ல முடியும். அது சின்ன விஷயமாத் தெரியலாம், ஆனா அதை வச்சுக்கிட்டுதான் நம்ம ஆளுங்க இத்தனை காலம் ஓட்டியிருக்காங்க.

சங்கீதம் 56, உங்க பைபிள்ல திருப்பாடல்னு இருக்கும், அதுல மூணாவது வசனம்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் போன நாள்ல நம்புவேன்னு இல்ல பாருங்க, பயமும் நம்பிக்கையும் ஒரே நாள்ல ஒரே நெஞ்சுல கிடக்குது. பயந்தாலே விசுவாசம் இல்லன்னா, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல நடந்ததை என்ன சொல்றது? ஆண்டவரே "திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்"னு மாற்கு 14ல இருக்கே. கூட மூணு பேரை முழிச்சு இருங்கன்னு கூப்பிட்டாரு, பாவம் அவங்க தூங்கிட்டாங்க.

அதனால காத்து அடிக்கிற ராத்திரி நீங்களும் தனியா படுக்காதீங்க, உங்க தெருவுலயே உங்களை மாதிரி ரெண்டு பேராவது முழிச்சுக்கிட்டு கிடப்பாங்க, ஒரு வீட்ல சேர்ந்து உக்காருங்க, காபி போடுங்க, செபமாலை சொல்லுங்க, நடுவுல அழுகை வந்தா அழுங்க. வீட்டுக்காரர் கிளம்புறதுக்கு முன்னாடி வயர்லெஸ் வேலை செய்யுதா, சாட்டிலைட் போனோ செய்தி வர்ற கருவியோ போட்ல இருக்கா, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கா, வானிலை என்ன சொல்றாங்கன்னு நச்சரிச்சுக் கேளுங்க, அது விசுவாசக் குறைவு இல்ல, வீட்டுக்காரியோட உரிமை. அப்புறம் உங்க அண்ணன் விஷயம். உடம்பு கிடைக்காத சாவு மனசுக்குள்ள முடியாமயே கிடக்கும், பங்கு சாமியார்கிட்ட பேசி அவருக்குன்னு ஒரு பூசை வைங்க, அதுக்கப்புறமும் உதறல் நிக்கலன்னா கவுன்சிலிங் போறதுல எந்தக் கேவலமும் கிடையாது.

எலியா பெரிய தீர்க்கதரிசி, யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி ஒரு சூரைச்செடி கீழ படுத்துக்கிட்டு என்னைச் சாகவிடும்னு கேட்டாரு. தேவதூதன் வந்து பிரசங்கமா பண்ணான்? தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் வச்சு 'எந்திரிச்சு சாப்பிடு'ன்னான். சாப்பிட்டுட்டு திரும்பப் படுத்துட்டாரு, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பாடுதான். நீங்க சரியா சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சும்மா?

ஒக்கி ராத்திரி நான் எப்படி இருந்தேன்னு கேக்கலையே. எங்க வீட்டைச் சுத்தி ரப்பர் மரம் ஒவ்வொண்ணா முறியிற சத்தம், கரண்ட் இல்ல, நான் கட்டில் பக்கத்துல தரையில உக்காந்து சங்கீதம் 91 சொல்ல ஆரம்பிச்சேன், சண்டே ஸ்கூல்ல பிரைஸ் வாங்கின சங்கீதம் அது, நாலாவது வசனத்துக்கு மேல ஒரு வார்த்தை வரல. விடியற வரைக்கும் 'இயேசப்பா இயேசப்பா'ன்னு மட்டும்தான். அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும்னுதான் நினைக்கிறேன்.

"பைபிள்ல 'பயப்படாதே'ன்னு சரியா 365 தடவை வருதாமே, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு?" (கல்லூரி மாணவர், மதுரை)

இல்ல தம்பி, எந்த மொழிபெயர்ப்பை எடுத்து எண்ணினாலும் அந்தக் கணக்கு வராது, யாரோ காலண்டரைப் பார்த்து எழுதினது. நீங்க எண்ணிக்கைய விட்டுட்டு யாருக்கு அந்த வார்த்தை சொல்லப்பட்டுச்சுன்னு பாருங்க. தண்ணி தீர்ந்து போய் பிள்ளைய ஒரு செடி கீழ போட்டுட்டு தூரமா போய் உக்காந்து அழுத ஆகார், கல்யாணத்துக்கு முன்னாடியே கர்ப்பம்னு சேதி கேட்ட மரியாள், கப்பல் உடையப் போற நேரத்துல பவுல். பயப்படாத ஆளுகிட்ட போய் பயப்படாதேன்னு யாரும் சொல்ல மாட்டாங்கல்ல.

"அம்மாவுக்கு 62 வயசு. மார்புல கட்டி இருக்கு, டாக்டர் பயாப்சி எடுக்கணும்கிறாங்க. அம்மா 'வாதை உன் கூடாரத்தை அணுகாதுன்னு வசனம் இருக்கு, ஊசி குத்தினா நான் கர்த்தரை நம்பலன்னு ஆயிடும்'னு ரெண்டு மாசமா தள்ளிப் போடுறாங்க. நான் பேசினா சாத்தான் பேசுறான்கிறாங்க." (வாசகர், சேலம்)

சாத்தான் என்ன பேசுவான்னு பாக்கணும்னா மத்தேயு நாலைத்தான் திறக்கணும். தேவாலயத்து உப்பரிகையில ஆண்டவரை நிக்க வச்சு 'குதி, தூதர்கள் தாங்குவாங்க'ன்னு சொன்னான் இல்ல, அவன் காட்டின வசனம் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா, அதே சங்கீதம் 91! அம்மா சொல்ற வசனத்துக்கு அடுத்த வரி. அதுக்கு ஆண்டவர் என்ன பதில் சொன்னார்னு அம்மாவையே வாசிக்கச் சொல்லுங்க. கர்த்தரைப் பரீட்சை பாக்கக் கூடாதுன்னு இருக்கும்.

1527ல ஜெர்மனியில விட்டன்பர்க் ஊர்ல கொள்ளைநோய் வந்துச்சு. யுனிவர்சிட்டியையே யேனாங்கிற ஊருக்கு மாத்திட்டாங்க, சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச மார்ட்டின் லூதரையும் கிளம்பச் சொன்னாங்க, அவர் போகல, மனைவி கத்தரீனா கர்ப்பமா வேற இருந்தாங்க, அவங்க வீடே ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சு. அந்த நேரம்தான் வேற ஊர்ப் போதகர் ஒருத்தர், கொள்ளைநோய் வந்தா கிறிஸ்தவன் ஓடலாமா கூடாதான்னு கேட்டிருந்த கேள்விக்கு லூதர் பெரிய பதில் எழுதினாரு. அதுல சொல்றாரு, நான் கடவுள் காக்கணும்னு வேண்டிக்குவேன், அப்புறம் புகை போடுவேன், காத்தைச் சுத்தம் பண்ணுவேன், மருந்து கொடுப்பேன், நானும் மருந்து சாப்பிடுவேன், தேவையில்லாத இடத்துக்குப் போய் நோயைப் பரப்ப மாட்டேன், ஆனா பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் தேவைன்னா எந்த இடத்துக்கும் போவேன்னு. மருந்தை வேண்டாம்னு ஒதுக்குறதை கடவுளைச் சோதிக்கிறதுன்னே எழுதியிருக்காரு. 500 வருஷம் ஆகப் போகுது, நாம இன்னும் அங்கயே நிக்கிறோம்.

எசேக்கியா ராஜாவுக்கு 'உன்னைக் குணமாக்குவேன்'னு வாக்கு வந்ததுக்கு அப்புறமும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டு வரச் சொல்லி கட்டி மேல வச்சாரே? வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிய 1900ல சின்ன கிளினிக்கா ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் மிஷனரி வீட்டுப் பொண்ணு. திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு பொம்பளைங்க பிரசவத்துல செத்துப் போனதைப் பார்த்துட்டுதான் டாக்டர் படிக்கவே போனாங்க. ஜெபம் பண்றவங்க கட்டின ஆஸ்பத்திரிக்கு ஜெபம் பண்றவங்க போகலாம்.

ஆனா தம்பி, இதெல்லாம் அம்மாகிட்ட வாதமா வைக்காதீங்க, தோத்துடுவீங்க. அம்மா விசுவாசம் பேசல, அம்மா பயந்து போயிருக்காங்க, ரிசல்ட் தெரிஞ்சுடுமேன்னு பயம், அந்தப் பயத்தை வசனத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்காங்க. நீங்க முதல்ல போய் 'அம்மா எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, நீ என் கூட வா'ன்னு சொல்லிப் பாருங்க. எந்த அம்மாவும் அதுக்கு மாட்டேன்னு சொல்றது கஷ்டம். நிறைய கட்டி கேன்சரா இருக்கிறதில்ல, ஆனா டெஸ்ட் எடுத்தாத்தானே தெரியும், கேன்சராவே இருந்தாலும் ஆரம்பத்துல பிடிச்சா வைத்தியம் எவ்வளவோ சுலபம். இந்த வாரமே போங்க.

"நான் திருப்பூர்ல டெய்லர். ஒரு லோன் ஆப்ல ஆறாயிரம் வாங்கினேன், இதுவரைக்கும் பதினெட்டாயிரம் கட்டிட்டேன், இன்னும் கேக்குறாங்க. என் போட்டோவை அசிங்கமா மாத்தி காண்டாக்ட்ல இருக்க எல்லாருக்கும் அனுப்புவோம்னு ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ். போன் வெளிச்சம் வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. மனைவிக்குத் தெரியாது. ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தை வரல. செத்துடலாமான்னு கூட வருது."

தம்பி, கடைசி வரியை முதல்ல எடுக்கிறேன். அந்த எண்ணம் வர்றப்ப 14416க்கு அடிங்க, டெலி மானஸ்ங்கிற மனநல உதவி நம்பர், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ரெண்டாவது 1930, சைபர் கிரைம் நம்பர், மிரட்டின மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு கம்ப்ளைன்ட் கொடுங்க, இனி ஒரு ரூபா கூட அனுப்பாதீங்க, அனுப்ப அனுப்பத்தான் கேப்பானுங்க. மூணாவது, இன்னிக்கு ராத்திரியே மனைவிகிட்ட சொல்லுங்க. திட்டுவாங்க, திட்டட்டும், திட்டி முடிச்சதும் பக்கத்துல ஒரு ஆள் இருக்கும்ல. அவனுங்க கையில இருக்க ஒரே ஆயுதம் நீங்க மறைக்கிறதுதான்.

இப்ப ஒரு கதை. 1956 ஜனவரி 27, அமெரிக்காவுல மான்ட்கோமரி ஊரு. பஸ்ல கறுப்பு ஜனங்களை ஒதுக்கி வைக்கிறதை எதிர்த்து பஸ்ஸே ஏறாம போராட்டம் நடக்குது, அதுக்குத் தலைமை ஒரு சின்ன வயசுப் போதகர், 27 வயசு, மார்ட்டின் லூதர் கிங். ராத்திரி நேரம் போன். ஊரை விட்டுப் போகலன்னா உன்னையும் கொல்லுவோம் வீட்டையும் வெடி வச்சு தூக்குவோம்னு. உள்ள மனைவியும் பிறந்து ரெண்டரை மாசமான பொம்பளப் பிள்ளையும் தூங்குறாங்க. அவருக்குத் தூக்கம் போச்சு, அடுப்படிக்குப் போய் காபி போட்டு வச்சாரு, அதைக் குடிக்கக் கூட முடியல, கோழைன்னு பேர் வராம இதுல இருந்து எப்படிக் கழண்டுக்கலாம்னுதான் யோசிச்சேன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. அந்த மேசையில தலையைக் கவுத்து சத்தமா ஜெபம் பண்ணாரு, எனக்குப் பயமா இருக்கு, ஜனங்க என்னைத்தான் பாக்குறாங்க, நான் தளர்ந்தா அவங்களும் தளர்ந்துடுவாங்க, என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல, தனியா என்னால முடியலன்னு. டாக்டர் பட்டம் வாங்கினவரு, அடுக்கடுக்கா பேசுறவரு, அன்னிக்கு அவ்வளவுதான் வந்துச்சு. அப்ப உள்ளுக்குள்ள ஒரு குரல், நியாயத்துக்காக நில்லு, நான் உன் கூட இருக்கேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சாம்.

அதோட போன் நின்னுச்சா? நிக்கல. மூணே நாள்ல, ஜனவரி 30, நிஜமாவே வீட்டுத் திண்ணையில வெடிகுண்டு போட்டாங்க. மனைவியும் பிள்ளையும் தப்பிச்சாங்க. கோபத்துல ஆயுதத்தோட கூடின கூட்டத்தை அந்த உடைஞ்ச திண்ணையில நின்னு, ஆயுதத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னு அமைதியா சொல்லி அனுப்பினாரு. அந்த அமைதி திண்ணையில வந்தது இல்ல தம்பி, அடுப்படியில வந்தது. உங்களுக்கு வார்த்தை வரலன்னா 'எனக்குப் பயமா இருக்கு'ன்னே ஆரம்பிங்க, மூணு வார்த்தை போதும். ஆனா முதல்ல 1930.

"போன மாசம் காலேஜ்ல இருந்து ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. விசுவாசத்தை விட மாட்டேன்னதுக்காகப் புனித தேவசகாயத்தைச் சுட்ட இடத்துல நின்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு அக்கா, பக்தியில இல்ல, வெட்கத்துல. ஹாஸ்டல்ல சாப்பிடுறதுக்கு முன்னாடி சிலுவை போடவே யாராவது பாக்குறாங்களான்னு பாக்குறவ நான். அந்த மாதிரி ஒரு நாள் வந்தா நான் மறுதலிச்சுடுவேன்." (மாணவி, நாகர்கோவில்)

நானும்தான் மறுதலிச்சுடுவேனோன்னு நினைச்சிருக்கேன் கண்ணு. பேதுருவே ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்டதுக்கு 'எனக்குத் தெரியாது'ன்னாரு.

ஹாலந்துல ஹார்லெம் ஊர்ல ஒரு வாட்ச் கடைக்காரர் வீடு, பொண்ணு பேரு கோரி டென் பூம். சின்ன வயசுல சாவைப் பார்த்துட்டு, அப்பா நீங்க செத்தா நான் என்ன பண்ணுவேன்னு அழுதாளாம். அப்பா கேட்டாரு, நாம ஆம்ஸ்டர்டாம் போறப்ப ரயில் டிக்கெட்டை உன் கையில எப்ப குடுப்பேன்? 'ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி'ன்னா. அது மாதிரிதான், பலம் தேவைப்படுற நேரத்துல கைக்கு வரும், முன்கூட்டியே தேடிக்கிட்டு ஓடாதேன்னாரு. பின்னாடி 1944 பிப்ரவரியில, யூதர்களை வீட்ல ஒளிச்சு வச்சதுக்காக நாஜிகள் குடும்பத்தையே பிடிச்சாங்க, அந்த அப்பா 84 வயசுல, பிடிச்ச பத்தே நாள்ல ஜெயில்ல செத்தாரு. கோரி, அக்கா பெட்சி கூட ராவன்ஸ்ப்ரூக்ங்கிற நாஜி சித்திரவதை முகாம் வரைக்கும் போனாங்க, அக்கா அங்கயே செத்துட்டாங்க, கோரி மட்டும் திரும்பி வந்தாங்க. நீ இப்ப ஏறாத ரயிலுக்கு டிக்கெட் இல்லையேன்னு அழுதுக்கிட்டு இருக்கே.

தேவசகாயமும் முதல் நாளே காற்றாடிமலையில போய் நிக்கல. மாடு சாகுது, விளைச்சல் போகுது, வீட்ல ஒரே நஷ்டம், மனசு உடைஞ்ச நேரத்துல டிலனாய்ங்கிற டச்சுக்காரர், குளச்சல் சண்டையில பிடிபட்டு திருவிதாங்கூர் படையிலயே அதிகாரியா ஆனவரு, அவருகிட்ட புலம்பியிருக்காரு. அவர், எல்லாத்தையும் இழந்தும் கடவுளை விடாத யோபு கதையச் சொன்னாரு. அங்கதான் ஆரம்பம், நஷ்டத்துல, புலம்பல்ல. 1745 மே 14 வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14 சுட்டுக் கொன்னாங்க. நடுவுல கிட்டத்தட்ட ஏழு வருஷம் இருக்கு, நீ அந்தக் கடைசி நாளை மட்டும் பார்த்துட்டு வந்திருக்கே.

உன் ஏழு வருஷம் ஹாஸ்டல் மெஸ்ல இருக்கு, நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி சிலுவை போடு, ஒருத்தி பார்ப்பா, பார்த்துட்டு சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளும்பா, அவ்வளவுதான் நடக்கும்.

இன்னொண்ணு, டூர்ல இதைச் சொன்னாங்களான்னு தெரியல. அவரு மனைவி பார்கவி, ஞானஸ்நானத்துல ஞானப்பூ. புருஷனைப் பிடிச்சிட்டுப் போய் மூணு வருஷம் ஊர் ஊரா வதைச்சப்பவும், சுட்ட பிறகும் உயிரோட இருந்து அதையெல்லாம் தாங்கினவங்க. சொந்த ஊர்ல இருக்க முடியாம வடக்கன்குளத்துக்குப் போய் அங்கயே பல வருஷம் வாழ்ந்து அங்கயே அடக்கம் ஆனாங்க. காற்றாடிமலையில இருந்து வடக்கன்குளம் பக்கம்தான், பஸ் இருக்கு. அடுத்த லீவுக்கு ரெண்டு பிரெண்ட்ஸ கூட்டிட்டு ஒரு எட்டு போயிட்டு வா.